அம்மாவுக்கு ஓர் இளைப்பாற்றி

எனக்குத் தெரிந்த லத்தீன் மொத்தம் ஒரே ஒரு சொல். அதை வைத்துக்கொண்டே எட்டு வயதில் பெற்ற தாயைச் செத்தவர்கள் பட்டியலில் சேர்த்தவள் நான்.

வெள்ளைக்காரன் போய் இரண்டு மூன்று வருடம் ஆகியும், மைசூரில் எங்கள் மாதா கோயிலில் பூசை லத்தீனில்தான். கல்லறைத் திருநாளுக்குப் பாட்டுப் பழகும்போது, அடிக்கடி வந்த 'ரெக்குயெம்' என்றால் என்னவென்று, பாட்டுச் சொல்லிக்கொடுத்த உபதேசியாரைக் கேட்டேன்.

"மூலச்சொல் ரெக்குயெஸ். பெண்பால். அர்த்தம் இளைப்பாற்றி, ஓய்வு. நீ பாட்டப் பாடு" என்றார்.

ஓய்வு, அதிலும் பெண்பால். அம்மா ஞாபகம்தான் வந்தது. பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டூட்டி முடிந்து வந்தால் அடுப்படி. "எனக்கு எங்கடி ஓய்வு, கடவுளாப் பாத்துக் குடுத்தாத்தான்" என்பாள்.

அந்தத் திருநாளில் ஒவ்வொரு வீட்டிலும் இறந்துபோனவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள். சாமியார் அதை வாசித்து அவர்களுக்கு ரெக்குயெஸ் கேட்பார். எங்கள் வீட்டுத் தாளைக் கொண்டுபோனது நான். செத்தவர்கள் படுத்துத்தானே இருக்கிறார்கள், அவர்களுக்கு எதற்கு இன்னும் ஓய்வு என்பது என் நியாயம். கடைசியில் அம்மா பெயரையும் எழுதினேன். கடவுள் பார்க்காமல் விட்டுவிடக் கூடாதென்று கொட்டை எழுத்தில்.

அன்று அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கோயிலுக்கு வந்து, அத்தை பக்கத்தில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். சாமியார் அவள் பெயரை வாசித்ததும் அத்தை பதறிப்போய் உலுக்கினாள்.

"அண்ணி, அண்ணி. அய்யோ ஆண்டவரே, உயிரோடதானே இருக்கீங்க? உங்க பேர வாசிச்சுட்டாங்க."

"இதோ வந்துட்டேன் சிஸ்டர்" என்று கண்ணைத் திறக்காமலே எழுந்து நின்றாள் அம்மா. கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை விளக்குமாற்றைத் தேடினாள். "விடும்மா" என்றாள் அம்மா. செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து என்னைக் கேட்டாள்.

"யாருக்கு அடுத்தாப்ல எழுதுன?"

"தம்பிப் பாப்பாவுக்கு அடுத்தாப்ல. அங்கதான் எடம் இருந்துச்சு."

அந்த வருடம் பட்டியலில் புதிதாகச் சேர்ந்த பெயர் அது. பிறந்து மூன்று நாள் இருந்தான்.

அம்மா செருப்பைக் கழற்றினாள். பிறகு, "சரி. நல்ல எடந்தான்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சாயங்காலம்வரை எழவில்லை. அத்தைதான் சமைத்தாள்.

லத்தீன் பலித்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். படுத்தவள் தூங்கினாளா என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.