உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் வெறுமனே ஆஸ்டின் என்று கேட்டால் எந்த ஆஸ்டின் என்பார்கள். கண்ணாடிக் கதவு ஆஸ்டின் என்று கேட்டால் போதும், ஸ்டேஷன் வாசலில் டீ ஊற்றுகிறவர்கூடக் கையைப் பிடித்து வழி காட்டுவார். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். தோளில் ஒரு பை. பைக்குள் திருப்புளி, எல் கீ, ரப்பர் சுத்தி, எண்ணெய் டப்பா, பழசும் புதுசுமாய்க் கொஞ்சம் கைப்பிடிகள். அங்கே மாடி மேல் மாடியாக நிற்கிற வீடுகளில் இரட்டைக் கண்ணாடி போட்ட பிளாஸ்டிக் கதவும் ஜன்னலும் வைத்திருக்கிறார்கள். சாத்திவிட்டால் லாரிச் சத்தம் உள்ளே வராது, தூசியும் வராது. ஆனால் அதுவும் கெட்டுப் போகும். கைப்பிடி லொடலொடக்கும், பூட்டு சிக்கிக்கொள்ளும், கீல் இறங்கிவிடும். அதைச் சரி செய்வதில்தான் ஆஸ்டினுக்கு வயிறு நிறைந்தது.

அந்தத் தங்க மைனை மூடியபோது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கீழே இறங்கி வேலை பார்க்கிற பாக்கியமும் இல்லை, சாபமும் இல்லை. ரயிலேறிப் போய் ஒரு ஜன்னல் கம்பெனியில் கண்ணாடி தூக்கினான், அப்புறம் மாட்டினான், அப்புறம் மாட்டினவர்கள் விட்டுப்போன கோளாறையெல்லாம் தனியாகப் போய்ச் சரி செய்ய ஆரம்பித்தான். பூட்டு கெட்டுப்போச்சு என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பூட்டு நன்றாகத்தான் இருக்கும். கீல் இறங்கி, கதவு சாய்ந்து, கொக்கி தன் பள்ளத்தில் உட்காராமல் முட்டிக்கொண்டிருக்கும். கதவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தே, இது பிள்ளைகள் தொங்கின கதவு, இது துணிக்கூடை மாட்டின கதவு என்று சொல்லிவிடுவான். அவன் வீட்டுக் கதவுதான் அவனை அழ வைத்தது.

அவன் அப்பா சைலஸ், மைனில் டிம்பர்மேன். பாறை இறங்காமல் இருக்கக் கீழே மரத்தை முட்டுக் கொடுத்து, இடுக்கில் ஆப்பு அடித்து இறுக்குகிற வேலை. அந்த வேலை அவர் நுரையீரலில் பாறைப்பொடியை நிரப்பி அனுப்பியது. படி ஏறினால் மூச்சு இழுக்கும், பேசினால் இழுக்கும். வீடோ, தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிவைத்த சயனைடு மண்மேட்டுக்கு எதிரில். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் காற்று சுழற்றி அடிக்கும்போது அந்த மேட்டுமண் எழும்பி, மாவு சலித்தது போல, மைன்காரர்களுக்கு வரிசையாய்க் கட்டின லைன் வீடுகள் முழுக்கப் படியும். சோற்றில் படியும், பைபிளில் படியும், கிழவர் நெஞ்சில் படியும்.

அதற்காகத்தான் ஆஸ்டின் அந்தக் கதவைக் கொண்டுவந்தான். பெங்களூரில் ஒரு வீட்டுக்காரர் கழற்றி வீசின கதவு. கேட்டு வாங்கி, காலியாகத் திரும்புகிற காய்கறி டெம்போவில் ஏற்றி, வழியெல்லாம் அதை அணைத்துப் பிடித்தபடி வந்தான். பழைய மரக்கதவை எடுத்துவிட்டு இதை நிறுத்தினான். மேல்பாதி கண்ணாடி, கீழ்ப்பாதி பலகை. ஒரே ஜன்னல், அதற்கு வெளியே கம்பி. அதற்கும் கண்ணாடி போட்டான். லைன் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டினவை, பின்வாசல் கிடையாது. ஆகவே இந்த ஒரு கதவை அடைத்தால் தூசிக்கு வழியே இல்லை. மருமகள் பியூலா தரையைத் துடைத்துவிட்டு, மாலை வரை அப்படியே இருந்த தரையைப் பார்த்துக் கண் கலங்கினாள். மகனைக் குறை சொல்லப் போகிறவர்கள் முதலில் இதைச் சொல்லிவிட்டு அப்புறம் மற்றதைச் சொல்லட்டும்.

சைலஸுக்கு அந்தக் கதவு பிடிக்கவில்லை.

மைன் ஓடின காலத்தில் பாறை வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்பார்கள். கீழே வெடித்தால் மேலே லைன் வீடுகள் குலுங்கும், கதவுச் சட்டம் நெளியும், சாத்தின கதவு இறுகிக்கொண்டு திறக்காது. அதனால் படுக்கும்போது கீல் பக்கத்து இடுக்கில் ஒரு ஆப்பைச் செருகி, கதவை ஒரு சாண் திறந்தே வைப்பார்கள். சைலஸ் அதற்கு மேலும் பார்த்தவர். ஒரு முறை பாறை சரிந்து, ஒரு ஷிஃப்ட் முழுக்கவும் அதற்கு மேலும் இருட்டில் அடைபட்டுக் கிடந்தார். அவரோடு இருந்த ராஜேந்திரன் வெளியே வரவில்லை. லைனில் எல்லோருக்கும் அது தெரியும். அவர் மட்டும் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

ஆகவே நீலகிரி மரத்தில் செதுக்கின தன் ஆப்பை அந்தப் பிளாஸ்டிக் கதவிலும் அடித்தார். மரக்கதவு அந்த அடியைத் தாங்கும். இது தாங்குமா? கீல் நெம்பிக்கொண்டு இறங்கியது. ஆஸ்டின் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், எல் கீயை எடுத்துக் கதவைத் தூக்கிச் சரி செய்வான். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் இறங்கியிருக்கும்.

"இன்னா நைனா, ராத்திரி மறுபடியும் ஆப்பு வெச்சியா?"

"வெச்சேன்."

"இது டிம்பர் இல்ல நைனா. கீல் பூடும்."

"போவட்டுமே. கதவு தொறந்துகினு கீதா, இல்லியா? அத்த சொல்லு."

"தூசி வருதே! டாக்டரு இன்னா சொன்னாரு?"

"அந்த டாக்டரு என்னிக்காவது கேஜ்ல மைனுக்குள்ள எறங்கிக்கீறாரா?"

"மைன மூடி எம்மாம் வருசம் ஆச்சு! இன்னும் எங்கேந்து ஏர் பிளாஸ்ட் வரும்?"

"மைன மூடினாங்க. மலைய மூடினாங்களா? உள்ள தண்ணி ரொம்பிகினு கீது." கிழவருக்கு இழுத்தது, நின்று மூச்சு வாங்கிக்கொண்டு முடித்தார். "மரம்னா ஒடையறதுக்கு முன்னாடி கத்தும்டா. கேட்டுட்டு ஓடிடலாம். உன் கதவு ஊமை. அத்த சாத்தினா உள்ள கீறவனும் ஊமை."

பியூலா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அப்பனும் புள்ளயும் ஒரே கீலுல ஆடாதீங்க. இட்லி ஆறுது, வாங்க."

இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கதவின் இடுக்கு வழியாக வந்த மண் இட்லியில் படிந்தது. கிழவர் இருமினார். அந்த இருமல் சட்னியில் வந்து விழுந்தது. ஆஸ்டின் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான்.

அந்த வாரத்தில்தான் பெங்களூரில் மமதா என்கிற அம்மாள் அவனைக் கூப்பிட்டார். பால்கனியைக் கண்ணாடியால் அடைத்து மாமியாருக்கு அறையாக்கியிருந்தார். மாமியாருக்கு ஞாபகம் போய்விட்டது. எழுந்து எழுந்து லிஃப்டுக்குப் போய்விடுகிறாராம்.

"ஒள்கடெ ஹேண்டில் பேடா ஆஸ்டின், உள்ள கைப்பிடியே வேணாம். வெளிய இருந்து மட்டும் தெறக்கிற மாதிரி பண்ணிடு. அவங்க நல்லதுக்குத்தான்."

ஆஸ்டின் உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்துத் திருகினான். கிழவியம்மா கட்டிலில் உட்கார்ந்து அவன் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்து வெளியே வந்து கதவைச் சாத்தினான். அருமையாகச் சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிழவியம்மா எழுந்து வந்து, தகடு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். ஆஸ்டின் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். நெஞ்சு ஒன்றும் உறுத்தவில்லை. ரயிலில் வரும்போது அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

அடுத்த நாள் காற்று பிடுங்கிக்கொண்டு அடித்தது. பியூலா பங்காரப்பேட்டையில் துணிக் கம்பெனிக்கு முதல் ஷிஃப்டு போய்விட்டாள், மத்தியானம் வந்துவிடுவாள். கிழவர் விடிய விடிய இருமிவிட்டு அப்போதுதான் கண் அசந்திருந்தார். ஆஸ்டின் சத்தமில்லாமல் கீலைத் தூக்கி நேர் செய்தான். உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றினான். தகட்டை வைத்துத் திருகினான். தண்ணீர்ச் சொம்பையும் மாத்திரையையும் கட்டில் அருகே வைத்தான். வெளியே வந்து கதவைச் சாத்தி, கைப்பிடியை மேலே தூக்கிக் கொக்கிகள் மாட்டிக்கொள்கிற சத்தத்தைக் கேட்டு, சாவியைத் திருப்பிவிட்டு ரயிலுக்குப் போனான். ஒரு நாளாவது நைனா தூசி இல்லாமல் மூச்சு விடட்டும் என்றுதான் செய்தான். நைனா அடைபட்டுக் கிடந்த கதை அவனுக்குத் தெரியாதா? தெரியும். மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். இருந்தும் செய்தான்.

சைலஸ் எழுந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. குழாயடியில் பெண்கள் பேசுகிற சத்தம் இல்லை, நாய் இல்லை, ஆட்டோ இல்லை. கதவருகே போய்க் கையை நீட்டினார். பிடிக்க ஒன்றும் இல்லை. தகட்டைத் தடவினார். நகத்தால் சுரண்டினார். கூப்பிட்டார்.

பக்கத்து வீட்டுச் சம்பங்கி குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள் கிழவர் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தாள். கீர்த்தனை பாடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள், லெந்து நாளில்லையா! குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கையை ஆட்டிவிட்டுப் போனாள். அதை நினைத்து அவள் இன்றுவரை தலையில் அடித்துக்கொள்கிறாள். அவள் என்ன செய்வாள்? அது சத்தம் வெளியே போகாத கதவு. அதுதான் அதன் விலை.

திரும்பி வரும்போது கிழவர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்து நின்றிருந்தார். முகம் நீலம் பூத்திருந்தது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடிக் கைப்பிடியை அழுத்தினாள், திறக்கவில்லை. அதற்குள் சைலஸ் திரும்பிப் போய்த் தன் சுத்தியையும் ஆப்பையும் எடுத்து வந்துவிட்டார். அவளை ஒதுங்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ஆப்பின் முனையைக் கண்ணாடி மூலையில் வைத்து அடித்தார். உள்கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னும் ஒன்று இருந்தது. அதையும் அடித்தார். காற்றும் மண்ணும் அவர் முகத்தில் அடித்தன. அதை வாயைத் திறந்து குடித்தார் என்று சம்பங்கி சொல்வாள். உள்ளே ஸ்டூலைப் போட்டு ஏறினவரை, அந்த ஓட்டை வழியாக அவள்தான் கைத்தாங்கலாக வெளியே இறக்கினாள்.

"அண்ணா, மருமவ இப்ப வந்துடுவா. இப்படி உக்காருங்க."

"என்னை டெய்சி ஊட்டுக்குக் கூட்டிகினு போ."

அவ்வளவுதான் சொன்னார். டெய்சி மூத்த மகள், மாரிகுப்பத்தில் இருக்கிறாள். கையில் ரத்தத்தோடு ஆட்டோவில் ஏறினார். வேட்டி, மாத்திரை, மூக்குக்கண்ணாடி எல்லாம் வீட்டிலேயே கிடந்தன. ஆப்பு மட்டும் மடியில் இருந்தது.

பியூலா போனில் சொன்னதைக் கேட்டு, சாயங்காலம் ஆஸ்டின் ரயிலிலிருந்து இறங்கி நேராக அக்கா வீட்டுக்குப் போனான். டெய்சி வாசலில் நின்றாள். உள்ளே விடவில்லை.

"இன்னா, சாவி கொண்டாந்தியா?"

"அக்கா, தூசிக்காகத்தான் நான்..."

"நீ செஞ்ச வேலைய நானும் கேள்விப்பட்டேன். மாட்டக் கட்டினாகூட கழுத்து திரும்பற அளவுக்கு தும்பு உடுவாங்கடா."

"நைனாகிட்ட ஒரே ஒரு வார்த்த பேசிட்டுப் போறேன்."

உள்ளே இருமல் கேட்டது. அப்புறம் சைலஸின் குரல் கேட்டது. மகனிடம் பேசவில்லை, மகளிடம் பேசினார்.

"டெய்சி, அந்தக் கதவுக்காரனாண்ட சொல்லு. கீழ என்னை மூடினது மலை. அதுக்கு நான் யாருன்னு தெரியாது."

ஆஸ்டின் பையிலிருந்து அந்த உள்பக்கக் கைப்பிடியை எடுத்தான். அதை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டான்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் மமதா வீட்டுக்கு ஏறினான். கூப்பிடாமலே போய், கிழவியம்மா அறைக்குக் கைப்பிடியைத் திரும்ப மாட்டினான். மமதா கத்தினார். யாரைக் கேட்டு மாட்டினாய் என்றார். அவன் கடைசித் திருகாணியை முறுக்கிவிட்டு இறங்கினான். வேறொரு ஆளை வைத்து அதைக் கழற்றிவிட்டார்களாம். அப்படித்தான் அவன் காதுக்கு வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அவனை அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

தன் வீட்டுக் கதவுக்குப் புதுக் கண்ணாடி போட்டான். கைப்பிடியும் போட்டான். இப்போது அந்தக் கதவில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு விரலால் தள்ளினால் போய் உட்கார்ந்துகொள்ளும். தூசி இல்லை, சத்தம் இல்லை. கீல் இறங்கவே இல்லை. இறக்குகிறவர்தான் வீட்டில் இல்லையே. பியூலா சில நாட்களில் அதைத் திறந்துபோட்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். கேட்டால் உள்ளே மூச்சு முட்டுகிறது என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அதே வெள்ளைச் சட்டையில், ஆஸ்டின் பையோடு மாரிகுப்பம் போகிறான். டெய்சி வீட்டுக் கதவு தகரம். மேல்கீல் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. ஒற்றைக் கீலில் தொங்குகிறது. சாத்தினாலும் கை நுழைகிற சந்து இருக்கும். அதன் வழியாக மண் தாராளமாக உள்ளே போகிறது. இருமல் தெருமுனை வரை கேட்கிறது. ஆஸ்டினுக்கு அது கால் மணி நேர வேலை. பையைத் திறக்கிறான். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு கால் நீண்டு வந்து, ஆப்பைச் சந்துக்குள் இன்னும் ஆழமாக மிதித்துத் தள்ளுகிறது.

"அக்கா, நைனாவ நீயாவது கேளேன். கீல மட்டும் போட்டுட்டுப் போறேன்."

"கதவ உன்னைத் தொட உடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. நான் இன்னாடா பண்றது?"

ஆஸ்டின் பையை மூடிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடக்கிறான்.