ஒற்றை வரி டீச்சர்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஒற்றை வரி டீச்சர். அவளிடம் "உள்ளேன்" என்று கத்திவிட்டு உட்கார முடியாது. காலையில் ஒவ்வொருவராக மேசைக்கு வரவேண்டும். புத்தகத்தில் அவள் விரல் வைக்கும் இடத்தில் ஒரே ஒரு வரி வாசிக்கவேண்டும். வாசித்தால்தான் பதிவேட்டில் வந்ததாகக் குறி. இருபத்தாறு பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். யார் நெடிலைக் குறிலாக்குவார்கள், யார் படத்தைப் பார்த்துக் கதை விடுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பத்தொன்பது வருடமாக இப்படித்தான்.

வீட்டுக்காரர் தையல்காரர். நோட்டுக் கட்டோடு அவள் உட்கார்ந்திருக்கும்போது கேட்பார்: "என்னையும் ஒரு வரி வாசிக்கச் சொல்லேன். அப்பவாவது நான் வீட்ல இருக்கேன்னு தெரியும்ல?"

அந்த வருடம் பள்ளிக்கு வரும் நிதியைக் குறைத்துவிட்டார்கள். நிரந்தரமாகாத டீச்சர்கள் மூன்று பேருக்கு வேலை போயிற்று. அலுவலக குமாஸ்தாவும் போனார். பக்கத்து அறை டீச்சர் ஒரு பையில் தண்ணீர் பாட்டிலையும் இரண்டு சிவப்புப் பேனாவையும் போட்டுக்கொண்டு, "என் புள்ளைங்கள பாத்துக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய இருபத்தேழு பிள்ளைகளும் பெஞ்சுகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு இந்த அறைக்கு வந்தார்கள். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர். கடைசியில் இருப்பவனுக்குப் பாதி உடம்புக்குத்தான் இடம். எழுதும்போது அவன் நின்றுகொண்டு எழுதினான்.

முதல் வாரம் டீச்சர் விடாப்பிடியாக எல்லாரையும் மேசைக்குக் கூப்பிட்டாள். ஐம்பத்து மூன்று வரி கேட்டு முடிப்பதற்குள் முதல் பாடவேளை போய், இரண்டாவதில் பாதியும் போயிற்று. காத்திருந்தவர்களில் ஒருத்தி முன்னால் இருந்தவளின் பின்னலைக் கத்தரித்துவிட்டாள்.

தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"டீச்சர், நாலு நாளா கணக்குப் பாடமே நடக்கலையாமே?"

"ஒரு வரியாவது கேக்காம எப்படி சார் தெரியும்?"

"எனக்கு மட்டும் ஆசையா? நாலாம் வகுப்ப நான்தான் எடுக்கறேன், மணியும் நான்தான் அடிக்கறேன். கூரையைப் பிச்சுக்கிட்டு இன்னொரு டீச்சரா வந்து குதிக்கப் போறாங்க?"

அதோடு அந்தப் பழக்கம் நின்றது. பாடத்தை எல்லாரும் சேர்ந்து உரக்கப் படித்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஒவ்வொரு வரிசைத் தலைவியும் தன் வரிசையை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தாளில் குறி போட்டுத் தரவேண்டும். டீச்சர் அந்தத் தாளைப் பார்ப்பாள்.

பக்கத்து அறையிலிருந்து வந்தவர்களில் ஒருத்தி குருவி. ஆள் அத்தனை சின்னவள். ஆனால் எல்லாரும் சேர்ந்து படிக்கும்போது கணீரென்று தனியாகக் கேட்கும் குரல். தாளிலும் அவள் பெயருக்கு எதிரே வாராவாரம் குறி விழுந்திருந்தது. ஐம்பத்து மூன்று மதிப்பீட்டு அட்டைகளை மூன்று நாளில் எழுதி முடிக்க வேண்டியிருந்தபோது, குருவியின் அட்டையில் வாசிப்பு என்ற இடத்தில் "சரளம்" என்று எழுத டீச்சருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

வருடத்தின் நடுவில் இன்னொரு உத்தரவு வந்தது. அறையில் இத்தனை பேரை வைக்கக்கூடாது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றவேண்டும். இங்கேயே படிக்கவைக்க விரும்பும் பெற்றோர் கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் தரவேண்டும். தராவிட்டால் மாற்றுவதற்குச் சம்மதம் என்று கொள்ளப்படும்.

முன்பெல்லாம் குமாஸ்தா வாசலில் நின்று, படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ அங்கேயே வாங்கிவிடுவார். இப்போது டீச்சரே பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று கொடுத்தாள். ஒரு கையில் கடிதக் கட்டு, இன்னொரு கையில் மூக்கில் ரத்தம் வடிந்த ஒரு பிள்ளை. குருவியின் அம்மாவும் வந்தாள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. சலவை சோடாவில் வெந்த விரல்களால் கடிதத்தைப் பிரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன டீச்சர் போட்டிருக்கு? எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது."

பின்னால் முப்பது பேர் நின்றார்கள்.

"உங்க பொண்ணுதான் நல்லா வாசிப்பாளேம்மா. வீட்ல படிச்சுக் காட்டச் சொல்லுங்க."

அம்மாவின் முகம் மலர்ந்ததை டீச்சர் பார்த்தாள். அன்று பார்த்ததிலேயே நல்ல விஷயம் அதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை குருவியைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா வகுப்பு வாசலில் நின்றாள். இஸ்திரி போட்ட நல்ல சேலை. குருவிக்கும் புது ரிப்பன்.

"எத்தன மணிக்கு டீச்சர்? லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

"எதும்மா எத்தன மணிக்கு?"

"பரிசு குடுக்கறது. வாசிப்புல இவதான் முதல்ல வந்திருக்கா, திங்கக்கிழமை பரிசு வாங்க அம்மாவோட வரணும்னு போட்டிருந்துச்சே. ரெண்டு தடவ படிச்சுக் காட்டினாளே."

பிளாஸ்டிக் உறையில் மடங்காமல் வைத்திருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். அடியில் கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது. டீச்சர் கடிதத்தைப் பார்த்தாள், குருவியைப் பார்த்தாள். குருவி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் புத்தகத்தைத் திறந்து, போன வாரம் நடத்திய பாடத்தில் விரலை வைத்தாள்.

"இத வாசி கண்ணு."

குருவி வாயைத் திறந்தாள். மூடினாள். திரும்பி வகுப்பைப் பார்த்தாள்.

"எல்லாரும் படிக்கட்டும் டீச்சர். நானும் படிக்கறேன்."

டீச்சர் வரிசைத் தலைவியை அழைத்தாள். கேட்பதற்கு முன்பே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அவ படிக்க மாட்டா டீச்சர். குறி போடலன்னா நீங்க விளையாட விடமாட்டீங்கன்னு அழுவா. எனக்குப் பென்சில் எல்லாம் சீவித் தருவா."

அம்மாவுக்கு எதுவும் உடனே விளங்கவில்லை. டீச்சர் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். ஒரு வார்த்தையும் விடாமல் வாசித்தாள். அம்மா கடைசி வரை கேட்டாள்.

"அப்ப பரிசு இல்லையா டீச்சர்?"

டீச்சர் கடிதத்தைத் திரும்ப உறைக்குள் வைத்தாள்.

"வீட்லயும் இப்படித்தான், பேப்பர விரிச்சு வச்சுக்கிட்டு என்னென்னவோ படிப்பா. நல்லா இருக்கும் கேக்க." அம்மா மகளின் தலையில் கை வைத்தாள். "உங்களையே ஏமாத்திட்டாளா? நான் எம்மாத்திரம். அவள அடிச்சிராதீங்க டீச்சர்."

அம்மா தன்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று டீச்சருக்கு இருந்தது. தலைமையாசிரியர் அறைக்கு ஓடினாள்.

"ஒரே ஒரு பேர் சார். தப்பு என்னோடது."

"பட்டியல் சனிக்கிழமையே மேல போயாச்சு. ஒரு பேர எடுத்தா மிச்சம் ஏழு பேரும் வந்து நிப்பாங்க. என்ன பதில் சொல்லட்டும், சொல்லுங்க?" அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "எனக்கும் வயிறு எரியுது டீச்சர்."

மாற்றுச் சான்றிதழ் படிவத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். வாசிப்புத் திறன் என்ற கட்டத்தில் டீச்சரின் பேனா நின்றது. உண்மையை எழுதினால் அங்கே இவளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைப்பார்கள். பழையபடி எழுதினால் இன்னொரு கூட்டத்தில் இன்னொரு வருடம் கூடச் சேர்ந்து ஒப்பிப்பாள். "எழுத்துகளை அறியவில்லை. இவ்வளவு நாள் கவனிக்கப்படவில்லை" என்று எழுதினாள். இரண்டாவது வரிக்குக் கட்டத்தில் இடம் இல்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்.

வெளியே வராந்தாவில் அம்மா குருவியின் ரிப்பனைச் சரி செய்துகொண்டிருந்தாள். டீச்சர் சான்றிதழைக் கொடுத்து, புதுப் பள்ளிக்குப் போகும் பேருந்து எங்கே நிற்கும் என்று சொன்னாள். நாளை காலையில் பெரியவர்கள் யாராவது நேரில் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கவேண்டும்.

"நாளைக்கா?" அம்மா விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள். "நாளைக்கு முடியாதே டீச்சர். இந்த மாசத்துக்கு ஒரு லீவுதான். அத இன்னைக்குப் போட்டுட்டேன்."

நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று டீச்சருக்கு நாக்கு நுனி வரை வந்தது. அறைக்குள்ளிருந்து ஒரு பெஞ்சு சாயும் சத்தமும், கூடவே ஐந்தாறு பேர் அலறும் சத்தமும் கேட்டன. நாளை அவள் வராவிட்டால் அந்த அறையில் போய் நிற்க யாரும் கிடையாது. அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "டீச்சர்!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

"பாத்துப் பண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டு டீச்சர் வகுப்புக்குள் போனாள்.