கரும்பலகைக்குக் குடை பிடித்த போலீஸ்

எங்கள் அத்தையின் வேலையைக் கெடுத்தவர் நீங்கள்தான், தலைவரே. சட்டத்தைப் பிறகு திட்டிக்கொள்கிறேன். சட்டம் தானாக நடந்து லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்கு வரவில்லை. நீங்கள் போய்க் கூட்டிவந்தீர்கள்.

எல்லையில் சண்டை நடந்த 1999. நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் தகரக் கூரை போட்ட படிப்பகம் ஒன்று இருந்தது. அது தெருச் சங்கத்துக்குச் சொந்தம். சங்கத்துக்கு நீங்கள் தலைவர். வெளிச்சுவரில் ஒரு கரும்பலகை. அப்பாவின் தங்கையான அத்தை தினமும் காலையில் தமிழ்ப் பேப்பரைப் படித்துவிட்டு அதில் இரண்டு செய்தி எழுதுவாள். அதன் கீழே கோடு போட்டு, சொந்தமாக ஒரு வரி. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள்கூட அந்தக் கடைசி வரிக்கு நின்றுவிட்டுத்தான் ஓடுவார்கள்.

ஸ்கூல் ஆட்டோ வரும்வரை நான் அங்கேதான் நிற்பேன். பாதித் தூக்கத்தில். அதனால்தானோ என்னவோ, அந்தக் காலைகள் எல்லாம் கனவு மாதிரியே மனதில் தங்கிவிட்டன. மேலே தூங்குமூஞ்சி மரம். அதிலிருந்து இளஞ்சிவப்புப் பூ, பஞ்சு போல, அவசரமே இல்லாமல் இறங்கும். பின்னால் எங்கோ ரயில் போகும். அத்தையின் தலைமுடியில் சாக்பீஸ் தூள் படியும். அவள் எழுதி முடிக்கும்போது கொஞ்சம் வயதானவளாகத் தெரிவாள்.

அவளுக்குத் தபால் ஆபீசில் வேலை கிடைத்திருந்தது. போலீஸ் விசாரித்து, இவள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்று எழுதி அனுப்பினால் ஆர்டர் வந்துவிடும். அம்மா அதற்குள் ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போகப் புடவை எடுத்து, ஃபால்ஸ் தைத்து வைத்துவிட்டாள்.

அந்த நாட்களில் தெருக்குழாயில் தண்ணீர் இல்லை. சரிசெய்து தருவதாக வாக்குக் கொடுத்தவர் நீங்கள். தண்ணீர் லாரிக்காக எல்லோரும் குழாயடியிலேயே நிற்பார்கள். எதிர்வீட்டம்மாவும் குடத்தோடு நிற்பார். அவர் மகன் பட்டாளத்தில், எல்லையில் இருந்தான். நீங்கள் படிப்பக வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பக்கத்தில் ஜவான்கள் நிதிக்கு உண்டியல் வைத்து உட்கார்ந்திருப்பீர்கள். ஒருநாள் அந்தம்மா பொறுக்கமாட்டாமல் கத்தினார்:

"என் புள்ள அங்க நிக்கிறான். நான் இங்க நிக்கிறேன். நீ எப்பய்யா எழுந்திரிப்ப?"

வரிசை முழுக்கச் சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். நீங்களும்தான் சிரித்தீர்கள். "சண்டை முடியட்டும்மா, பைப்பு தானா வரும்" என்றீர்கள்.

மறுநாள் பலகையில் கடைசி வரி இப்படி இருந்தது: "எல்லையில் மகன் நிற்கிறான். குழாயடியில் தாய் நிற்கிறாள். நிற்கவைத்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்."

இந்த முறை நீங்கள் சிரிக்கவில்லை. எங்கள் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது நீங்கள் ஒருவர்தானே.

மத்தியானம் ஜீப் வந்தது. சண்டை நேரத்தில் ராணுவத்தையும் சர்க்காரையும் கேவலப்படுத்துகிறாள், ஜனங்களைத் தூண்டிவிடுகிறாள் என்று எழுதிக் கொடுத்திருந்தீர்கள். இன்ஸ்பெக்டர் அதை ராஜத்துரோகம் என்றார். எந்த ராஜாவுக்கு என்று நான் கேட்டேன். அப்பா என் வாயைப் பொத்தினார்.

அத்தையை ஜீப்பில் ஏற்றியது எனக்குச் சரியாக நினைவில்லை. பலகை போனதுதான் நினைவிருக்கிறது. வந்தவர்கள் கன்னடப் போலீஸ்; ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. போட்டோ எடுத்தார்கள். அதில் எழுத்து விழுமா விழாதா என்று அவர்களுக்கே சந்தேகம். மொழிபெயர்க்கிறவர் வரும்வரை ஓர் எழுத்துகூட அழியக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். ஆகவே பலகையைச் சுவரிலிருந்து கழற்றி, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தூறல் போட்டது. மூன்றாமவர் குடையை விரித்துப் பலகைக்குப் பிடித்தார். அவர் நனைந்தார்.

பிள்ளைகள் நாங்கள் எல்லாம் பின்னால் போனோம். சாமி ஊர்வலம் போலவே இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கறுப்புக் குடைமேல் பூக்கள் ஒட்டியிருந்தன. ஈரத்தில் எல்லாச் சத்தமும் தூரத்தில் கேட்டது. வெற்றிலைக் கடைக்காரர் பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இந்த ஊரிலேயே மிக நல்ல வரியை அத்தை எழுதிவிட்டாள், அதனால்தான் சர்க்கார் அதை நனையாமல் பார்த்துக்கொள்கிறது என்று நான் முழுசாக நம்பினேன்.

ஸ்டேஷன் தாழ்வாரத்தில் பலகையைச் சாய்த்து வைத்து, குடை பிடித்தவரையே காவலுக்கு நிறுத்தினார்கள். சாரல் அடித்ததால் அவர் குடையை மடக்கவில்லை. அப்பா உள்ளே கெஞ்சிக்கொண்டிருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று குடைக்காரர் என்னிடம் கேட்டார். படித்துக் கன்னடத்தில் சொன்னேன். பலகையை ஒருமுறை பார்த்தார். குடையை ஒருமுறை பார்த்தார்.

"நானூ நிந்தே இதீனல்லம்மா" என்றார். நானும் நின்றுகொண்டுதானே இருக்கிறேன் என்று அர்த்தம்.

சாயங்காலம் எதிர்வீட்டம்மா வந்தார். "அத நான்தான்யா சொன்னேன், என்னப் புடிங்க" என்று இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றார். ஜவானின் தாய் என்று தெரிந்ததும் இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். நாற்காலி போட்டார், டீ சொன்னார், ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். அதே அறையில் அத்தை தரையில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவளை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஜாமீனில் அவள் வருவதற்குள், எங்கள் அத்தையின் கையெழுத்துக்குப் போலீஸ் காவல் என்று ஸ்கூலில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். ஒருத்திக்கும் அப்படி ஓர் அத்தை இல்லை. வீட்டுக்குள் வந்ததும் அவள் கையில் சாக்பீஸைக் கொடுத்து, நம் வீட்டுச் சுவரிலும் ஒரு வரி எழுது, நமக்கும் போலீஸ் வந்து குடை பிடிக்கட்டும் என்றேன். அத்தை சாக்பீஸைக் கைக்குள் வைத்து நொறுக்கி, வாசல் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தாள். அந்தப் போலீஸ்காரர் பாவம், மறுபடி நனைவார் என்று இரக்கப்படுகிறாள் என நினைத்தேன்.

வழக்கு கோர்ட்டில் ஒருநாள்கூட நடக்கவில்லை. வழக்கு நடத்தச் சர்க்கார் அனுமதி கேட்டுப் போன ஃபைல் அங்கேயே தூங்கியது. வழக்கு இருக்கிறது என்று போலீஸ் எழுதி அனுப்ப, தபால் ஆபீஸ் ஆர்டர் வரவே இல்லை. பல வருஷம் கழித்து, வழக்கை மூடிவிட்டோம் என்றார்கள். அத்தையின் வயது வரம்பு அதற்கு முன்பே மூடிவிட்டது. கார்மென்ட்ஸில் பட்டன் வைக்கப் போனாள். பலகையும் திரும்பவில்லை. இன்றைக்கும் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் எழுதக்கூட அத்தை என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

போன மாதம் நீங்கள் ஒரு மேடையில் அழுதீர்கள். உங்கள் பேரன் ஃபோனில் எதையோ எழுதிவிட்டான், போலீஸ் கூப்பிட்டு விசாரித்ததாம். பேசினால் துரோகமா, எழுதினால் குற்றமா என்று கேட்டீர்கள். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். பேரனை விட்டுவிடட்டும். அவன் எழுதட்டும்.

ஆனால் நீங்கள் பதில் சொல்லாமல் போகமுடியாது. அந்தம்மா சொன்னபோது சிரித்தீர்களே, அத்தை எழுதியபோது மட்டும் அது எப்படித் துரோகமானது? அந்த வரியில் எந்த வார்த்தை தேசத்தைக் குத்தியது? படிப்பகம் இருந்த அதே முனைக்கு வாருங்கள். மைக் நான் வைக்கிறேன். தெரு முழுக்கக் கேட்கும்படி, அத்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நாற்காலி கிடையாது. நின்றுகொண்டு சொல்லுங்கள்.