நடக்காத கிண்ணம்

எங்கள் ஆய்வகத்தில் ஓர் இயந்திரம் நடக்கிறது. அதற்குக் கால் இல்லை, உடம்பு இல்லை, இடுப்பு மட்டும்தான். வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஓர் உலோகக் குண்டு, அதன்மேல் கவிழ்த்த ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். மனிதனுக்கு வைக்கும் செயற்கை இடுப்பு மூட்டு என்பது ஏறக்குறைய இவ்வளவுதான். கிண்ணத்துக்குள் குண்டு புரண்டுகொண்டே இருக்கும், ஓர் ஆளின் பாரம் அதன்மேல் ஏறி இறங்கும். சிங்கப்பெருமாள் கோயிலில் எங்கள் வீட்டில் நான் தூங்கும்போதும் அது நடந்துகொண்டிருக்கும். பஸ் பிடிக்க ஓடாது, கடை வாசலில் நின்று கதை பேசாது. இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அந்தக் கிண்ணம் எவ்வளவு தேய்ந்தது என்று சொல்வது என் வேலை. அவ்வப்போது இயந்திரத்தை நிறுத்தி, கிண்ணங்களைக் கழற்றி, கழுவி, உலர்த்தி, எடை போடுவேன். தராசு ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். பக்கத்து அறையில் யாராவது கதவை அடித்துச் சாத்தினால்கூட எண் நடுங்கும். அந்த நேரத்தில் என்னிடம் பேச வருகிறவர்களுக்கு நல்ல வார்த்தை கிடைக்காது. எனக்கு அங்கே சிடுமூஞ்சி என்று பெயர்; தப்பில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் எடையைப் பார்த்துத் திகைத்துப்போனேன். நடந்த கிண்ணம் முன்பைவிடக் கனத்திருந்தது. தேய்ந்தால் குறையத்தானே வேண்டும்? நான்தான் சரியாகக் கழுவவில்லை என்று மறுபடி கழுவினேன், மறுபடி உலர்த்தினேன். கனம் போகவில்லை. பிறகுதான் விளங்கியது. மூட்டுக்குள் ஊறும் வழவழப்பான நீருக்குப் பதிலாக நாங்கள் கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊற்றுகிறோம். (என் மாமியாருக்கு இது தெரியாது. தெரிந்தால் என்னைச் சமையலறைக்குள் விடமாட்டார்.) பிளாஸ்டிக் அதில் ஊறி, கொஞ்சம் குடித்தும் விடுகிறது. தேய்ந்து போனதைவிடக் குடித்தது அதிகமாகிவிட்டால் எடை ஏறும்.

இதற்காகவே ஓர் ஓரத்து அறையில் நடக்காத கிண்ணம் ஒன்றை வைத்திருக்கிறோம். அதே சீரம், அதே பாரம், நடை மட்டும் கிடையாது. அது எவ்வளவு குடித்துக் கனத்தது என்று பார்த்து, அந்த அளவை மற்றவற்றின் கணக்கில் சேர்த்தால்தான் உண்மையான தேய்மானம் பிடிபடும். சும்மா இருப்பதையே வேலையாகக் கொண்ட அந்தக் கிண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கும். வீட்டில் சாப்பிடும்போது அதைப்பற்றி நிறையப் பேசியிருக்கிறேன்.

அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர் என் கணவர். தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிவரும் பஸ்களை மேற்பார்ப்பவர். ஐம்பது வயதுகூட ஆகாத நிலையில் அவருடைய இடது இடுப்பு எலும்புக்கு ரத்தம் போவது நின்று, எலும்பு செத்துவிட்டது என்றார்கள். செங்கல்பட்டில் ஆபரேஷன். நான் எடை போடுகிற அதே வகைக் குண்டும் கிண்ணமும் அவர் உடம்புக்குள் போயின.

அதற்குமுன் ஞாயிறு மாலைகளில் மாமல்லபுரம் போவோம். கோயில் பக்கத்துக் கூட்டத்தை விட்டு விலகி, படகுகள் கிடக்கும் பக்கமாக மணலில் வெகுதூரம் நடப்பார். வீட்டில் வாயைத் திறக்காத மனிதர், நடக்கும்போது மட்டும் எல்லாவற்றையும் சொல்வார். மகளின் படிப்பு, டிரைவர்களின் சண்டை, தன்னுடைய பயங்கள், எல்லாம் அங்கேதான் வெளியே வரும். அவரை நான் தெரிந்துகொண்டதே அந்த மணலில்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் ஒழுங்காக நடந்தார். அப்புறம் தெருமுனைக் கடைக்கும் பைக்தான். மாமல்லபுரப் பேச்சை எடுத்தால் வெயில் என்பார், கூட்டம் என்பார். வலிக்கிறதா என்று கேட்டால், "இல்லியே" என்பார். தொடை இளைத்துக்கொண்டே போனது. வயிறு மட்டும் செழித்தது. வாரங்கள் போக, அவர் என்னிடம் பேசுவதும் குறைந்தது.

ஒருநாள் சாப்பிட்டுக் கையலம்பியதும் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லும் செயலி.

"பாத்தியா, இன்னிக்கு எம்மாம் கம்மி!"

ஊரே அதிகம் நடந்ததைக் காட்டிப் பெருமையடிக்கிறது. இவர் முகத்தில் குறைத்ததற்கான பெருமை.

"இன்னாத்துக்குங்க கம்மி பண்றீங்க?"

"நீதானம்மா சொன்ன? வருஷத்தால தேயாது, நடையாலதான் தேயும்னு. நடக்காம சேத்து வெச்சா நாள்பட வரும்ல?"

நான் சொன்னது சரிதான். எங்கள் தொழிலில் மூட்டின் வயதை நடையில்தான் எண்ணுகிறோம். ஆனால் அது கிண்ணத்தைப் பற்றிய பேச்சு, இந்த மனிதரைப் பற்றியது அல்ல. கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. நடக்காவிட்டால் மூட்டைப் பிடித்திருக்கும் எலும்பே தளர்ந்துவிடும் என்று டாக்டரும் சொல்லிப் பார்த்தார். இவர் நன்றாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து பைக்கில் ஏறினார்.

ஆயுத பூஜை வந்தது. அன்று எப்படியும் இயந்திரத்தை நிறுத்தியாக வேண்டும் என்பதால், எடை போடும் நாளை நாங்கள் அதையொட்டியே அமைத்துக்கொள்வோம். காலையிலேயே எடை போட்டு முடித்து, கிண்ணங்களைத் திரும்ப மாட்டிவிட்டேன். பிறகு இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை. தராசின் பக்கம் மட்டும் யாரையும் விடாமல், பொட்டை மேஜைக்காலில் வைக்கச் சொன்னேன். குடும்பங்கள் உள்ளே வந்து பார்க்க அனுமதி உள்ள நாள் அது. என் கணவரும் வந்தார். பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகக் குனிந்து பார்த்தவர், ஓரத்து அறையின் முன் நின்றுவிட்டார்.

"இதுக்கு மட்டும் இன்னா, ஆட்டுற கையே காணோம்?"

"நான் சொல்வேனே, அதுதாங்க இது. பாரம் சுமக்கும், நடக்காது."

"அப்ப தேயாது."

"தேயாது. ஊறிக் கனக்கும்."

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொத்தானை இழுத்துக்கொண்டிருந்த தன் வயிற்றைப் பார்த்தார். "என்னாட்டம்தான்னு சொல்லு" என்றார். சிரிக்கவில்லை.

"சரி, நடந்ததெல்லாம் எம்மாம் தேஞ்சிது? மறைக்காம சொல்லு."

மில்லிகிராமில் சொன்னால் அவருக்கு என்ன புரியும்? வேறு யாராவது செய்திருந்தால் நான் கத்தித் தீர்த்திருக்கும் காரியத்தைச் செய்தேன். பூஜைத் தட்டிலிருந்து அட்சதை அரிசி ஒன்றை எடுத்து, மஞ்சளைத் துடைத்து, தராசில் வைத்துக் கூண்டை மூடினேன். வெளியே யாரோ சிரித்தார்கள், எண் நடுங்கியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். எண் நின்றது. அந்தக் கிண்ணங்கள் சுமார் ஒரு வருஷ நடையை முடித்திருந்தன. அதில் ஒரு கிண்ணம் இழந்ததைவிட அந்த ஓர் அரிசி கனம்.

"ஒரு அரிசிகூட இல்லியா?"

"இல்லீங்க. ஆனா அதோட முடியல" என்றேன். அவரிடம் பொய் சொல்லிப் பிழைக்க எனக்கு வராது. "தேஞ்சு விழற தூள் ரொம்ப நுணுக்கம். உள்ள இருக்கிற எலும்புக்கு அது ஆகாது. என்னிக்காவது திரும்ப மாத்த வேண்டி வரலாம். எப்பன்னு எனக்குத் தெரியாது, இந்த மெஷினுக்கும் தெரியாது."

கூண்டுக்குள் கிடந்த அரிசியைக் குனிந்து பார்த்தார். "ஒரு அரிசிக்கா நான் வூட்லயே குந்திகினு இருந்தேன்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவரே பைக்கை எடுத்தார். மாமல்லபுரத்தில் கடற்கரைவரை போகாமல், கல் செதுக்கும் பட்டறைகள் இருக்கும் இடத்திலேயே ஓரமாக நிறுத்தினார். கைபேசியை வண்டிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். மணல் வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நடை தயங்கித் தயங்கித்தான் வந்தது. படகுகளை எட்டியதும் பேச ஆரம்பித்தார். டிரைவர்களின் சண்டை, மகள் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தது, எல்லாம் வரிசையாக வந்தன.

பிறகு கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ ரிட்டையர் ஆனப்புறம் உன்கூட நடக்கறதுக்குத்தாம்மா சேத்து வெச்சிகினு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதையெல்லாம் இப்பவே நடந்துடலாம், வாங்க" என்றேன்.