பெற்றீசியாவின் சைபர்

பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன புருஷன் றோலண்ட் வெறுங்கையோடு திரும்பினால் பெற்றீசியா காரணம் கேட்பதில்லை. "நம்பரச் சொல்லுங்க" என்பாள். ஒன்று என்றால் கடை பூட்டு. இரண்டு என்றால் மறதி. மூன்று என்றால் வழியில் பேச ஆள் கிடைத்துவிட்டது. றோலண்ட் பெரும்பாலும் மூன்று. பாணோடு வந்தால் சைபர், வெறும் பூச்சியம்; அதற்குமேல் பேச்சில்லை.

புரோகிராம்களையும் அவள் அப்படித்தான் வளர்த்திருக்கிறாள். வேலை முடிந்ததும் ஓர் எண்ணை வைத்துவிட்டுப் போக வேண்டும். சரியென்றால் சைபர், மற்றதெல்லாம் கோளாறு. ஹட்டன் கடைகளில் பாதிக் கணினிகளுக்கு அவள்தான் வைத்தியம். நஸீர் நானாவின் ஸ்டூடியோவில், கமெரா கார்டிலிருந்து படங்களை மேசையிலிருக்கும் தனி டிஸ்கில் ஏற்றும் புரோகிராமும் அவள் எழுதியதே. எத்தனை படம் ஏறவில்லையோ, அதையே முடிவு எண்ணாகச் சொல்லும். "என்னோடது பொய் சொல்லாதுங்க" என்று பீற்றிக்கொள்வாள். வைரஸ் தொல்லையென்று போன மாதம் அங்கே விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை அவள் பிரிண்டர் பார்க்கப் போனபோது நஸீர் டிக்கோயாவில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முந்தின நாள் நோட்டன் பிரிட்ஜில் எடுத்த கல்யாணம் முழுதும் கார்டில் இருந்தது; புரோகிராமை ஓட்டினார். திரை சைபர் என்றது. அவரும் கார்டைக் கமெராவில் போட்டு, அழிக்கும் பொத்தானில் விரலை வைத்துவிட்டார். டிஸ்கின் பிளக்கைக் கழற்றிப்போட்டு அந்த இடத்தில் யாரோ தேத்தண்ணிக் கேத்தலைச் சொருகியிருந்ததைப் பெற்றீசியா அப்போதுதான் கண்டாள்.

"நானா, கைய எடுங்க."

ஒரு படமும் ஏறியிருக்கவில்லை. கார்டில் இருந்தவை இருநூற்று ஐம்பத்தாறு. எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும் விண்டோஸ் அப்படியே வாங்கிக்கொள்ளும். லினக்ஸுக்கு இருநூற்று ஐம்பத்தைந்தோடு கை நிறைந்துவிடும்; அடுத்தது, அந்த இருநூற்று ஐம்பத்தாறு, மறுபடி சைபர். விளக்கும்போது பெற்றீசியாவின் குரல் இறங்கியிருந்தது. பிழை தன்னுடையதுதான் என்றாள்.

"அப்ப ஒரு போட்டோ குறைய எடுத்திருந்தா புடிபட்டிருக்கும்?"

"ஆமாங்க."

"கூட எடுத்தது நம்மட பிழை, என்னா?" என்றபடி நஸீர் கேத்தலை மெல்லக் கழற்றினார்.

எத்தனை படம் ஏறாவிட்டாலும் இனி ஒன்று என்று மட்டும் சொல்லும்படி அவள் திருத்தினாள். டிஸ்கை மாட்டி, மறுபடி ஏற்றினாள். திரை சைபர் என்றது. வெளியே வேன்காரன் ஹோர்ன் அடித்தான். நஸீர் கையை நீட்டினார்.

பெற்றீசியா கார்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, டிஸ்கிலிருந்த கடைசிப் படத்தைத் திறந்தாள். மாப்பிள்ளையின் பல்லிடுக்கில் ஒட்டிய கேக் துணுக்கு தெரியும்வரை பெரிதாக்கினாள். பிறகு, அதற்கு முந்தின படத்தைத் திறந்தாள்.