பயோ மெத்தடில் இடமில்லை

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் அந்தத் தனியார் பி.எட். கல்லூரி இருந்தது. அங்கே எந்த மாணவருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் நேராகப் போய் நிற்கும் இடம் மேகலாவின் மேசைதான். எத்தனை நாள் லீவு போட்டால் வருகைப்பதிவு அடிபடும், பயிற்சிக்குப் போகும் பள்ளிகளில் எந்தத் தலைமையாசிரியர் சிடுசிடுப்பார், எவர் டீ வாங்கித் தருவார், எல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. கல்லூரி அவளுக்கு 'மாணவர் ஆலோசகர்' என்று ஒரு பேர் வைத்திருந்தது. பேரோடு சரி, அதற்கென்று தனியாக ஒரு பைசா கிடையாது. பிசிக்கல் சயின்ஸ் வகுப்பு எடுக்க வந்தவள் தலையில் இதையும் கட்டிவிட்டார்கள். அவளும் முகம் கோணாமல் பதினோரு வருடமாகச் சுமந்தாள்.

மேகலா பிறந்து வளர்ந்தது சிந்தாதிரிப்பேட்டையில். அரசுப் பள்ளி ஆசிரியர் ஆகவேண்டும் என்று மூன்று முறை போட்டித் தேர்வு எழுதினாள். மூன்று முறையும் கொஞ்சத்தில் போயிற்று. கணவன் ஜவஹர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் மேற்பார்வை பார்க்கிறான். மந்தைவெளியில் வாடகை வீடு. பதினோரு வருடமும் அவள் ஒப்பந்த வேலைக்காரிதான், ஒவ்வொரு மே மாதமும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்று காத்திருப்பாள். இந்த வருடம்தான் நிர்வாகம் மனம் இரங்கி, அவளை நிரந்தரமாக்கும் ஃபைலை மேலே நகர்த்தியிருந்தது.

அந்த ஏப்ரல் மாத வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு சக்திவேல் வந்து நின்றான். நான்கு வருடம் முன்பு அங்கே படித்து முடித்தவன். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், முகத்தில் மூன்று நாள் தாடி.

"எக்ஸாம் பாஸ் பண்ணிட்டேன் மேடம். சர்டிபிகேட் சரிபார்க்க கூப்பிட்டாங்க, போனேன். அங்க நிக்க வெச்சுட்டாங்க."

"ஏன்?"

"டிகிரில பாட்டனி, பி.எட்.ல பிசிக்கல் சயின்ஸ். ரெண்டும் ஒத்துப்போகல, செல்லாதுன்னுட்டாங்க." அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "டிகிரில அலைடு பேப்பரா கெமிஸ்ட்ரி இருக்கு, அது போதும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க. அதையே ஒரு லெட்டரா குடுத்தீங்கன்னா நான் போய் கேட்டுப் பார்ப்பேன்."

பி.எட். படிக்க வருகிறவர் பட்டப்படிப்பில் எதை முதன்மைப் பாடமாகப் படித்தாரோ, அதை நடத்தும் முறையைத்தான் படிக்கவேண்டும். அதற்கு அங்கே மெத்தட் என்று பேர். தாவரவியல் படித்தவனுக்கு பயோ மெத்தட், இயற்பியலோ வேதியியலோ படித்தவனுக்கு பிசிக்கல் சயின்ஸ். இது விதி. அலைடு என்பது துணைப்பாடம், இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னி, சட்னியையே இட்லி என்று சொல்ல முடியாது. மேகலாவுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். தெரிந்தும், ஒன்றும் ஆகாது என்று ஏதோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள். முதல்வரிடம் பேசுகிறேன் என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தாள். அவன் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனதும் அவள் பார்வை மேசைமேல் இருந்த கட்டில் விழுந்தது. இறுதிப் பருவத் தேர்வு விண்ணப்பங்கள். மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்துக்குப் போயாக வேண்டும். ஒவ்வொன்றிலும் 'பாடம் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் அவள் கையெழுத்து வேண்டும். முக்கால்வாசி போட்டு முடித்திருந்தாள். மீதியைப் புரட்டினாள். அடியிலிருந்து மூன்றாவது, டயானா. பட்டப்படிப்பு தாவரவியல். மெத்தட் பிசிக்கல் சயின்ஸ்.

மேகலா அந்த வரியை மறுபடி படித்தாள்.

இரண்டு வருடம் முன்பு நடந்த அட்மிஷன் நாள் அப்படியே கண் முன்னால் வந்தது. நொச்சிக்குப்பத்துப் பெண், மீன் விற்கும் அம்மாவோடு வந்திருந்தாள். பயோ மெத்தட் நிரம்பிவிட்டது. பிசிக்கல் சயின்ஸில் ஏழு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். எட்டுப் பேர் இல்லாவிட்டால் அந்த வகுப்பை அந்த வருடம் நடத்துவதில்லை என்பது கல்லூரியின் வழக்கம். வகுப்பு இல்லாவிட்டால் மேகலாவும் இல்லை. அந்தப் பெண்ணை வேறு கல்லூரிக்கு அனுப்பியிருக்கலாம். நடந்து போகிற தூரத்திலேயே இன்னொன்று இருந்தது. ஆனால் மேகலா சிரித்துக்கொண்டே எட்டாவது பேரை எழுதினாள். பல்கலைக்கழகத்துக்குப் போன பட்டியலில் பி.எஸ்சி. என்று மட்டும் இருந்ததால் அங்கேயும் யாரும் கேட்கவில்லை.

இப்போது பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. டயானா தேர்வு எழுதுவாள், தேறுவாள். நாலைந்து வருடம் கழித்து, ஒரு நாள் சான்றிதழ் மேசைமுன் அவளும் சக்திவேலைப் போல நிற்பாள். மேகலா பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். மற்றவர்களுடையதில் மட்டும் கையெழுத்துப் போட்டு முடித்து, பேனாவை மூடி வைத்துவிட்டு முதல்வர் அறைக்குப் போனாள்.

முதல்வர் ஸ்ரீநாத் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எதையும் தாளில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைப்பவர், அவ்வளவுதான். மேகலா சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கம்ப்யூட்டரில் தானே ஒரு பத்தி தட்டி, அச்செடுத்து நீட்டினார்.

"பாருங்கோ மேடம், இதுல அந்தப் பொண்ணும் அவ அம்மாவும் கையெழுத்துப் போட்டுட்டா போதும். அவளா ஆசைப்பட்டு எடுத்தாள்னு ஆயிடும். காலேஜுக்கும் உங்களுக்கும் பொறுப்பில்லை. அவளும் பரிட்சை எழுதிப்பா."

"அவளுக்கு நாளைக்கு கவர்மெண்ட் வேலை..."

"நாளைக்கு வர்றதை நாளைக்குப் பார்த்துக்கலாம். உங்க பர்மனென்ட் ஃபைல் வர்ற புதன்கிழமை கமிட்டில வர்றது. இந்த நேரத்துல இதைக் கிளறணுமா, நீங்களே சொல்லுங்கோ."

மேகலா கை நீட்டினாள். தாளை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டதுதான் அவள் செய்த இரண்டாவது தப்பு. ஆட்டோ பிடித்து லூப் ரோட்டு மீன் மார்க்கெட்டுக்குச் சொன்னாள். தேர்வுக்காக விடுமுறை விட்டிருந்ததால் டயானா அங்கேதான் இருப்பாள் என்று தெரியும். வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு சின்ன ஃபார்மாலிட்டிமா, இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு. அதைவிடப் பெரிய விஷயங்களைக்கூட இப்படி எத்தனையோ முறை லேசாகச் சொல்லியிருக்கிறாள்.

மணி மூன்று. காலை வியாபாரம் முடிந்து, மார்க்கெட் பாதி காலி. டயானாவின் அம்மா புஷ்பம் மிச்சமிருந்த சங்கரா மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து டயானா படித்துக்கொண்டிருந்தாள்.

"அட, வா மேடம்! இன்னா இம்மாந் தூரம்? குந்து, குந்து." புஷ்பம் ஒரு ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டாள். "தி.நகர் ஸ்கூல்ல இவளுக்கு வேல ரெடியா கீதாம். ஜூன்ல வந்து சேருன்னு சொல்லிக்கினாங்களாம். அப்பாலிக்கா பரிச்ச எழுதி கவுருமெண்டு டீச்சர் ஆயிடுவாளாம். எல்லாம் உன்னாலதான் மேடம்."

மேகலா தாளை எடுத்து நீட்டினாள். "ஒரு கையெழுத்து வேணும்."

டயானா கை நீட்டுவதற்குள் புஷ்பம் தடுத்தாள். "இரு. எனக்குப் படிக்கத் தெரியாது. மேடமே படிக்கட்டும், நானும் கேக்கறேன்."

படிக்காமல் தப்பிக்க வழியில்லை. மேகலா வகுப்பில் படிக்கும் அதே குரலில் ஆரம்பித்தாள். "பயோ மெத்தடில் இடம் இருந்தும், என் சொந்த விருப்பத்தின் பேரில் நான் பிசிக்கல் சயின்ஸ் மெத்தடைத் தேர்ந்தெடுத்தேன். இதனால் பின்னாளில் ஏற்படும்..."

"இன்னாது?" புஷ்பம் ஐஸ் அள்ளிய கையை அப்படியே நிறுத்தினாள். "எடம் இருந்துச்சா? அன்னிக்கு நானுந்தான் கூட வந்தேன். எடமே இல்லன்னு சொன்ன. எம் பொண்ணு ரெண்டு தபா கேட்டா, பின்னால எதுனா பிரச்சன வருமான்னு. நீதான் சிரிச்சிக்கினே அதெல்லாம் ஒண்ணியும் ஆவாதுன்ன. இப்ப இன்னா மாத்தி எழுதிக்கினு வந்துகிற?"

பக்கத்துக் கடைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். மேகலாவுக்கு முகம் எரிந்தது. அவமானமாக இருந்தது. அதோடு, ஏனோ பாரம் இறங்கியது போலவும் இருந்தது. தாளை மடியில் வைத்தாள்.

"அம்மா சொல்றதுதான் சரி. இடம் இல்ல. உன்னை வேற காலேஜுக்கு அனுப்பியிருக்கணும், அனுப்பல. இப்படியே முடிச்சா கவர்மெண்ட் வேலைக்கு சர்டிபிகேட் செல்லாது. நாலு வருஷம் முன்னாடி இங்க முடிச்ச ஒரு பையன் இன்னிக்குக் காலைல அப்படித்தான் திரும்பி வந்தான்."

டயானா புத்தகத்தை மூடினாள். "ஏன் மேடம் அனுப்பல?"

"என் வகுப்புல ஏழு பேர்தான் இருந்தாங்க. எட்டு வேணும். இல்லன்னா எனக்கு வேலை இல்ல."

"அப்ப எனக்காக சொல்லல."

"இல்ல."

புஷ்பம் மாதாவைக் கூப்பிட்டு ஆரம்பித்து, நாலு பேர் காதைப் பொத்திக்கொள்ளும்படி முடித்தாள். ரெண்டு வருடமாக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போன கணக்கையெல்லாம் சொல்லித் திட்டினாள். மேகலா அத்தனையையும் தலை குனியாமல் கேட்டாள். கேட்பதைத் தவிர அவள் கையில் வேறு எதுவும் இல்லை.

"சும்மா இரும்மா," என்றாள் டயானா. மேகலா பக்கம் திரும்பினாள். "இப்ப பரிட்சை எழுதினா என்ன ஆகும் மேடம்?"

"பாஸ் ஆவ. தி.நகர் ஸ்கூல் வேலையும் கிடைக்கும். அதுக்கு மேல போக முடியாது."

"எழுதலன்னா?"

"ஜூன்ல பயோ மெத்தட்ல சேர்க்கச் சொல்லிக் கேக்கலாம். அந்த பேப்பரும் பள்ளிப் பயிற்சியும் மறுபடி. ஒரு வருஷம் போகும். அதுக்கு யூனிவர்சிட்டி அனுமதி வேணும், அது கண்டிப்பா..."

"நிறுத்துங்க." டயானா கையைக் காட்டினாள். "கண்டிப்பான்னு சொல்லாதீங்க. வாயால எதுவும் வேணாம். எழுதிக் குடுங்க. என்ன நடந்துச்சு, யார் சொன்னாங்க, எல்லாம். கையெழுத்தும் தேதியும் போட்டு. அதை வெச்சுத்தான் நான் யூனிவர்சிட்டில போய் நிக்கணும். இந்தத் தடவ பரிட்சைக்குப் போகல."

மேகலா முதல்வரின் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதினாள். தவறான ஆலோசனை கொடுத்தது தான்தான் என்று எழுதினாள். இடமில்லை என்பதை எழுதினாள். எட்டாவது பேர் என்பதையும் எழுதினாள். புதன்கிழமை நினைவுக்கு வந்தது. பேனா ஒரு நொடி நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டாள். கீழே தேதி. டயானா அதை இரண்டு தடவை படித்தாள், ஒரு வார்த்தையைத் தெளிவாக எழுதச் சொன்னாள், தன் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

மணி நாலு இருபது. மேகலா கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்து, டயானாவின் விண்ணப்பத்தைக் கட்டிலிருந்து எடுத்துவிடும்படி சொன்னாள். ஏன் என்று கேட்டார்கள். நான் சொல்றேன், எடுங்க என்றாள்.

இதுவரை அவள் எந்த மாணவரிடம் வருத்தம் தெரிவித்தாலும், பரவாயில்ல மேடம் என்று ஒரு பதில் வரும். லேட்டாக வந்ததற்கு, மார்க் போட மறந்ததற்கு, எல்லாவற்றுக்கும் அதே பதில். எழுந்து நின்றபோது அதை எதிர்பார்த்தாளோ என்னவோ, கொஞ்சம் தயங்கி நின்றாள். டயானா அதைச் சொல்லவில்லை. வேறொன்று கேட்டாள்.

"காலைல ஒரு பையன் வந்தான்னீங்களே. அவனுக்கும் நீங்கதான் சொன்னீங்களா?"

"ஆமா."

"அவன் நாலு வருஷம் முன்னாடி. நான் இப்போ. நடுவுல எத்தன பேரு மேடம்? அதுக்கு முன்னாடி?"

ஒவ்வொரு ஜூனிலும் ஏழு பேரோ ஆறு பேரோ இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஜூனிலும் எட்டு ஆகியிருக்கிறது. மேகலா முகங்களை நினைவில் தேடினாள். அறந்தாங்கிப் பெண் ஒருத்தி, திருவல்லிக்கேணியிலிருந்து வந்த முதஸ்ஸிர், கண்ணாடி போட்ட ஒரு பையன், அவன் பேர் என்ன? எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனவர்கள்.

"தெரியல," என்றாள்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. கல்லூரிக்குத் திரும்பி, அட்மிஷன் பதிவேடுகள் இருக்கும் பீரோவைத் திறந்தாள். ஸ்ரீநாத்தின் அழைப்பு போனில் அடித்துக்கொண்டே இருந்தது. பதினோரு பதிவேடுகளையும் மேசைக்குத் தூக்கி வந்து, பழையதை முதலில் திறந்து, பிசிக்கல் சயின்ஸ் பட்டியலில் எட்டாவது பேரைத் தேடி, எதிரே எழுதியிருந்த பட்டம் என்ன என்று பார்த்தாள். விலங்கியல். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அந்தப் பேரை எழுதினாள், கீழே இடம் விட்டாள், அடுத்த பதிவேட்டைத் திறந்தாள்.