அழிக்கும் கட்டளை அழிந்த காலை

பாலையூற்று மெலனியைக் கஞ்சப்பிசுனாறி என்றுதான் கூட வேலை செய்யும் ரஜீவன் பகிடி பண்ணுவான். துறைமுகத்தில் ஆழ்கடல் படகுகளுக்குக் காலநிலைச் செய்தி அனுப்பும் சின்ன அறையொன்றில் கணினிச் சேர்வரைப் பார்ப்பவள் அவள். கட்டளைகளைத் தட்டும் ஷெல் என்ற நிரலில் தேவையில்லாத எதையும் முன்கூட்டியே ஏற்றி வைக்க விடமாட்டாள்.

"வேணுமெண்டால் அப்ப ஏத்துவம். சும்மா எதுக்குச் சுமை?" என்பாள்.

கார்த்திகை மாதத்து வியாழன் காலை பத்து மணிக்கு அந்தப் பகிடிக்காரன் முகம் வெளிறிப்போய் நின்றான். பழைய கோப்புகளைத் துப்புரவாக்கப் போய், கட்டளைகள் இருந்த கோப்புறையையே அழித்துவிட்டான்.

"அக்கா, எந்தக் கட்டளையும் வேலை செய்யுதில்லை. ஓஃப் பண்ணிப் போடட்டா?"

"கை வைச்சியோ, தெரியும்! ஓஃப் பண்ணினால் பிறகு எழும்பாது."

செய்தி அனுப்பும் நிரல் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் துப்புரவு முடியும்வரை பொறு என்று ரஜீவன் வைத்த பூட்டுக் கோப்பு அதை மறித்து நின்றது. பின்னால் புயல் எச்சரிக்கை காத்துக் கிடந்தது. கடலில் ஆறு படகுகள். ஒன்றில் மெலனியின் தம்பி ஜக்சன். அந்தப் பூட்டுக் கோப்பை அழித்தால் போதும். அழிக்கும் கட்டளையும் அல்லவா கோப்புறையோடு போய்விட்டது, படுபாவி!

காலையில் மெலனி திறந்த ஷெல் மட்டும் மூடாமல் இருந்தது. கோப்புகளைக் கையாளும் ஒரு மொடியூலை, அவள் இதுவரை ஏற்றாத ஒரு துணை நிரலை, அதற்குள்ளேயே ஏற்றலாம். ஏற்றினால், வெளிக்கட்டளை எதுவும் இல்லாமல் ஷெல்லே அழிக்கும். மொடியூல்கள் இருப்பது வேறு கோப்புறையில். அதையாவது விட்டுவைத்தானா என்று ரஜீவனுக்கே தெரியவில்லை.

மொடியூலை ஏற்றும் வரியைத் தட்டினாள். ஷெல் ஒன்றும் சொல்லவில்லை. பிழையென்றால் உடனே சொல்லியிருக்கும். ஏறிவிட்டது! பூட்டை அழித்தாள். எச்சரிக்கை படகுகளுக்குப் போனது.

அதோடு, படகுகளிலிருந்து வந்து அடைபட்டுக் கிடந்த செய்திகளும் குபுகுபுவென்று வந்து விழுந்தன. ஜக்சனுடையவை மட்டும் நாலு. "அக்கா, காத்து ஒரு மாதிரி. திரும்பட்டா?" மூன்று முறை அதே கேள்வி. நாலாவதை அவள் இரண்டு தரம் படித்தாள்.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அப்ப பயமில்லை எண்டு இன்னும் வெளியால போறம்."

ஆபத்தென்றால்தான் அறை பேசும். படகுக்காரர் பழகிய வழக்கம் அது. அவர்களைக் குறை சொல்ல ஏலாது.

ஐந்து படகுகள் பத்து நிமிடத்துக்குள் பதில் போட்டன. ஜக்சனிடமிருந்து எதுவும் இல்லை. ரஜீவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"கதையாதை," என்றாள் மெலனி.

இருபத்தாறாவது நிமிடம் திரையில் ஒரு வரி வந்தது. "திரும்பிட்டம் அக்கா." அவள் மேசையில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதாள்.

இப்போது கடல் குளம்போலக் கிடந்தாலும் மணிக்கொருதரம் எல்லாப் படகுக்கும் மெலனி தன் கையால் ஒரு செய்தி அனுப்புகிறாள்: "ஒண்டுமில்லை. நாங்கள் இருக்கிறம்."